தள்ளாமல் தள்ளும் கலை – ஐக்கிடோ

1935-ஆம் ஆண்டில் ஜப்பானின் ஒசாக்கா நகரில், அசாஹி செய்தித்தாள் நிறுவனத்தார் ஒரு கறுப்பு-வெள்ளைப் படம் எடுத்தனர். படத்தில் ஐந்தடிக்குச் சற்றே கூடுதலான உயரமுள்ள, ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் நிற்கிறார். அவரைவிட மிக இளையவர்கள் அவர்மீது பாய்ந்து வருகிறார்கள். அவர் யாரையும் குத்துவதில்லை, உதைப்பதில்லை. ஓர் அடி எடுத்து வைக்கிறார். இலேசாகத் திரும்புகிறார். வந்தவர் சக்கரம்போல் உருண்டு அப்பால் போய் விழுகிறார். அவர் பெயர் மோரிஹேய் உயெஷிபா. அவர் உருவாக்கிய கலையை இன்று ஐக்கிடோ என்கிறோம்.

இதைப் பார்க்கிறவர்களுக்கு இரண்டு ஐயங்கள் எழும். எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட நாடகமோ? அல்லது அந்த மனிதரிடம் ஏதாவது மாய சக்தி இருக்கிறதோ? முதல் ஐயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. விழுகிறவர்கள் அவருடைய மாணவர்கள். அடிபடாமல் விழுவதற்கென்றே பல காலம் பயின்றவர்கள். இரண்டாவது ஐயத்திற்கு விடை உங்கள் இயற்பியல் புத்தகத்தில் இருக்கிறது. ஈர்ப்பு மையம், உந்தம், திருப்புத்திறன் ஆகிய மூன்று பாடங்களைப் படித்தவர்கள் ஐக்கிடோவைப் பாதி புரிந்துகொள்ளலாம். மீதிப் பாதி உடலியலில் இருக்கிறது.

உயெஷிபா 1883-இல் வாகாயாமா மாவட்டத்தின் தானாபே என்ற ஊரில் பிறந்தவர். ரஷ்ய-ஜப்பானியப் போரில் படைவீரராகப் பணி புரிந்தார். 1912-இல் வடக்கே ஹொக்காய்டோ தீவில் காடு திருத்திக் குடியேறிய கூட்டத்தோடு போனார். அங்கே 1915-இல் தக்கேதா சோக்காகு என்ற ஆசானைச் சந்தித்து, டாய்ட்டோ-ரியூ என்னும் பழைய ஜுஜுத்ஸு முறையைக் கற்றார். மணிக்கட்டையும் முழங்கையையும் பிடித்து எதிரியை மடக்கும் முறை அது. பின்னர் வாள், ஈட்டிப் பயிற்சிகளின் அசைவுகளையும், தாம் சார்ந்திருந்த ஓமோட்டோ சமயத்தின் கருத்துகளையும் சேர்த்துத் தம் முறையை வளர்த்தார். 'ஐக்கிடோ' என்ற பெயர் 1942-இல்தான் நிலைபெற்றது. 1969-இல் அவர் மறைந்தபோது இக்கலை ஜப்பானுக்கு வெளியேயும் பரவியிருந்தது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் பயிற்றுவிக்கப்படுகிறது.

அந்தப் பெயரில் மூன்று எழுத்துகள் உள்ளன. 'ஐ' என்றால் இணைதல். 'டோ' என்றால் வழி. நடுவில் நிற்கும் 'கி'தான் வம்புக்குரியது. மூச்சு, ஆவி, ஆற்றல், மனநிலை என்று பல பொருள்கள் அதற்கு உண்டு. மின்சாரம், வானிலை, நோய் ஆகியவற்றைக் குறிக்கும் ஜப்பானியச் சொற்களில்கூட இந்தக் 'கி' இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் நிற்பதைப் பற்றி.

நிற்பது என்பது ஒரு வித்தை

ஒரு சிறு சோதனை. சுவரில் முதுகும் குதிகால்களும் ஒட்டும்படி நில்லுங்கள். முன்னால் ஓர் அடி தூரத்தில் ஒரு கைக்குட்டையைப் போடுங்கள். முழங்காலை மடக்காமல் குனிந்து அதை எடுக்க முயலுங்கள். எடுக்க வராது, முன்னால் சரிந்துவிடுவீர்கள். சுவர் இல்லாத இடத்தில் குனியும்போது நம் இடுப்பு தானாகவே பின்னுக்குப் போகிறது. அதனால் ஈர்ப்பு மையம் பாதங்களுக்கு மேலேயே இருக்கிறது. சுவர் அதைத் தடுத்துவிட்டது.

நிமிர்ந்து நிற்கும் மனிதனின் ஈர்ப்பு மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, உடலுக்குள்ளே இருக்கிறது. ஜப்பானிய ஆசான்கள் தொப்புளுக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே 'தாண்டென்' என்று ஓரிடத்தைக் காட்டி, "இங்கிருந்து அசையுங்கள்" என்பார்கள். ஈர்ப்பு மையம் என்ற கணக்கு தெரியாமலேயே அனுபவத்தால் ஏறத்தாழ அதே இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்!

இந்த மையத்திலிருந்து வரையும் செங்குத்துக்கோடு பாதங்களுக்கு இடைப்பட்ட பரப்பில் விழும்வரை நாம் விழமாட்டோம். பாதங்களை 40 செ.மீ. அகலத்தில் பக்கவாட்டில் வைத்து நிற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பக்கவாட்டில் அவர் அகலமான மேசை. முன்பின்னாகவோ, பாதத்தின் நீளம்தான், அதாவது 25 செ.மீ. போல, அவருக்குத் தாங்கல். அதிலும் செங்குத்துக்கோடு குதிகாலின் ஓரத்திலிருந்து ஏறத்தாழ 10 செ.மீ. தள்ளித்தான் விழுகிறது.

இப்போது கணக்கு. அவர் எடை 60 கிலோகிராம், அவருடைய மார்பின் உயரம் 1.35 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குதிகாலைச் சுற்றி அவரைப் பின்புறம் கவிழ்க்க வேண்டிய திருப்புத்திறன் 60 × 9.8 × 0.10, அதாவது ஏறக்குறைய 59 நியூட்டன்-மீட்டர். இதை 1.35-ஆல் வகுத்தால் 44 நியூட்டன் வருகிறது. நாலரைக் கிலோ அரிசிப் பையைத் தூக்கும் விசை! பக்கவாட்டில் கவிழ்க்க இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். ஆகவே இரண்டு பாதங்களையும் இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தான திசைதான் நிற்பவரின் பலவீனமான திசை. ஜூடோ கலையை உருவாக்கிய கானோ ஜிகோரோ இப்படிச் சமநிலையைக் குலைப்பதைக் 'குஸுஷி' என்று பெயரிட்டுத் தனிப் பாடமாகவே வைத்தார். அவர் 1930-இல் உயெஷிபாவின் பயிற்சியைப் பார்த்து வியந்து, தம் மாணவர்கள் சிலரை அவரிடம் கற்க அனுப்பினார்.

உடனே தம்பியைப் போய்த் தள்ளிப் பார்க்க வேண்டாம். நம் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மனிதன் மேசை அல்லன். தள்ளினால் ஓர் அடி பின்னால் வைத்துவிடுவான். இடுப்பை வளைத்து ஈடுகொடுப்பான். உட்செவியின் அரைவட்டக் குழல்களும், தசைகளில் உள்ள உணர்வு நரம்புகளும், சிறுமூளையும் இடைவிடாமல் இந்த வேலையைச் செய்துகொண்டே இருக்கின்றன. அவன் அடி எடுத்து வைப்பதற்குள், அல்லது எடுத்து வைக்க முடியாதபடி எடை முழுவதும் ஒரே காலில் இருக்கும் நொடியில், வேலை முடிய வேண்டும். ஐக்கிடோப் பயிற்சியில் பல ஆண்டுகள் கழிவது அந்த நொடியைக் கண்டுகொள்ளத்தான்.

வருகிறவரைத் தடுப்பதா, திருப்புவதா?

அதே 60 கிலோ மனிதர் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் உங்களை நோக்கி ஓடி வருகிறார். அவருடைய உந்தம் 180 கிலோகிராம்-மீட்டர்/நொடி. நேருக்கு நேர் நின்று 0.3 நொடியில் நிறுத்த வேண்டுமானால் 600 நியூட்டன் விசை தேவை. ஏறக்குறைய அவர் முழு எடையையும் தாங்குவதற்கு ஒப்பானது. அவ்வளவு விசையை உங்கள் கால்களும் தரைக்குத் திருப்பித் தந்தாக வேண்டும். இல்லையேல் நீங்கள்தான் பின்னால் போவீர்கள்.

அவரை நிறுத்தாமல் அவர் போகும் திசையை 15 டிகிரி மட்டும் மாற்றினால்? அதே 0.3 நொடியில் 157 நியூட்டன் போதும். நான்கில் ஒரு பங்கு! அதற்குள் நீங்களும் ஓர் அடி விலகியிருந்தால் அவர் வெற்றிடத்துக்குள் ஓடிப்போகிறார். ஐக்கிடோவில் இதற்கு இரண்டு அசைவுகள். எதிரியின் கைக்கு வெளிப்புறமாக முன்னேறி நுழைவது 'இரிமி'. முன்காலை ஊன்றி, பின்காலை வட்டமாக வீசித் திரும்புவது 'தென்கான்'.

தென்கானில் எதிரி உங்களைச் சுற்றி அரைவட்டம் போட்டு ஓடுவதைக் காணலாம். இங்கே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். வட்டத்தில் ஓடும் பொருளுக்கு மையநோக்கு விசை வேண்டுமே, ஒரு மீட்டர் ஆரத்தில் அது 540 நியூட்டன் ஆகிறதே, அதை யார் தருகிறார்? உங்கள் கையில் அவ்வளவு வலு இல்லை. எதிரியின் பாதத்துக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வே அதன் பெரும்பகுதியைத் தருகிறது. பிடித்த கையை விடாமலும், சாயும் தன் உடலைக் காப்பாற்றிக்கொள்ளவும் அவர் தாமாகவே கால்களை வட்டத்தில் வைத்து ஓடுகிறார். எதிரியின் விசையையே பயன்படுத்துவது என்று சொல்லும்போது பலரும் அவர் கையின் விசையை நினைக்கிறார்கள். காலின் விசையை மறந்துவிடுகிறார்கள்.

மணிக்கட்டுப் பிடிகளைப் பற்றி ஒரு சொல். முன்கையில் ரேடியஸ், அல்னா என்ற இரண்டு எலும்புகள் உள்ளன. உள்ளங்கையைத் திருப்பும்போது ஒன்று மற்றொன்றைச் சுற்றிப் புரள்கிறது. அந்தப் புரட்சிக்கு ஓர் எல்லை உண்டு. 'கோத்தே-கயேஷி' என்ற பிடியில் கை அந்த எல்லையைத் தொட்டவுடன் முறுக்கு முழங்கைக்கும், தோளுக்கும், பிறகு முழு உடலுக்கும் போகிறது. ஆள் விழுந்தாக வேண்டும். விழத் தெரியாதவருக்கு மணிக்கட்டு பிசகும். எனவே இதை வகுப்பறையில் விளையாட்டாகச் செய்து பார்க்கவே கூடாது.

'கி' எங்கே இருக்கிறது?

உயெஷிபாவின் முதன்மை மாணவர்களில் ஒருவரான தோஹேய் கோய்ச்சி 1953-இல் ஹவாய்த் தீவுகளுக்குச் சென்று ஐக்கிடோவைப் பரப்பினார். மடங்காத கை என்ற ஒரு சோதனையை அவர் புகழ்பெறச் செய்தார். அதை நீங்களும் செய்யலாம்.

வலக்கையை முன்னால் நீட்டுங்கள். நண்பர் ஒரு கையை உங்கள் முழங்கையின் உள்மடிப்பிலும், மறு கையை மணிக்கட்டின் அடியிலும் வைத்து, முழங்கை இயல்பாக மடங்கும் திசையில் மெதுவாக, வெட்டி இழுக்காமல், மடக்க முயலட்டும். முதல் முறை முட்டியை இறுக்கி, பல்லைக் கடித்து எதிர்த்து நில்லுங்கள். இரண்டாம் முறை விரல்களை விரித்து, தோளைத் தளர்த்தி, கை ஒரு தண்ணீர்க் குழாய் என்றும், அதன் வழியே நீர் எதிர்ச்சுவரில் போய்ப் பீச்சுகிறது என்றும் கற்பனை செய்யுங்கள். பெரும்பாலோருக்கு இரண்டாம் முறை கை எளிதில் மடங்குவதில்லை.

'கி' பாய்ந்ததுதான் காரணம் என்பார் தோஹேய். உடலியல் வேறு விதமாகச் சொல்லும். மேற்கையின் முன்புறத்தில் உள்ள இருதலைத் தசை கையை மடக்குகிறது. பின்புறத்து முத்தலைத் தசை நீட்டுகிறது. "இறுக்கு" என்று மனம் கட்டளையிட்டால் இரண்டும் சேர்ந்தே சுருங்குகின்றன. அதாவது உங்கள் இருதலைத் தசை நண்பரோடு கூட்டுச் சேர்ந்து உங்கள் கையை மடக்குகிறது! நீரைப் பற்றிய கற்பனையில் நீட்டும் தசை மட்டும் வேலை செய்கிறது, மற்றது ஓய்ந்திருக்கிறது. தசைகளின் பெயர் தெரியாதவருக்கும் அந்தக் கற்பனை சரியான தசையைத் தேர்ந்தெடுத்துத் தருகிறது என்பதுதான் இதில் வியப்பு. உடலையும் உள்ளத்தையும் இணைப்பது என்று ஆசான்கள் சொல்வதற்குக் கையில் பிடித்துக் காட்டக்கூடிய சான்று இது.

ஆனாலும் விஞ்ஞான மாணவர் இங்கே நிறுத்திவிடக் கூடாது. இரண்டாம் முறை நண்பர் தம்மை அறியாமலே விசையைக் குறைத்திருக்கலாம் அல்லவா? நீங்கள் இறுக்குகிறீர்களா, கற்பனை செய்கிறீர்களா என்று அவருக்குத் தெரியாதபடி காசு சுண்டி முறையை முடிவு செய்யுங்கள். மணிக்கட்டில் துணி சுற்றிச் சுருள்வில் தராசை மாட்டி இழுக்கச் சொன்னால் எண்ணாகவே குறித்துக்கொள்ளலாம். பத்துப் பேரிடம் பத்து முறை செய்தால் உங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ஒரு நல்ல ஆய்வு ஆயிற்று.

மூச்சுப் பயிற்சிக்கும் இதுபோல் அடிப்படை உண்டு. அச்சம் வந்தவுடன் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, தசைகள், வேண்டியவையும் வேண்டாதவையும், சேர்ந்தே இறுகுகின்றன. மூச்சை மெதுவாக வெளிவிடும்போது வேகஸ் நரம்பின் வழியே இதயத்துக்கு நிதானக் கட்டளை போகிறது. அமைதியாக உட்கார்ந்து, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் விட்டுக்கொண்டே நாடியைத் தொட்டுப் பாருங்கள். உள்ளிழுக்கும்போது துடிப்புகள் நெருங்குவதும், வெளிவிடும்போது விலகுவதும் விரலுக்கே தெரியும்.

தெருவில் உதவுமா?

கத்தியோடு வரும் ஒருவனை ஐக்கிடோ தெரிந்தவர் மடக்கிவிடுவாரா? திரைப்படத்தில் மடக்குவார். பயிற்சிக் கூடத்தில் தாக்குகிறவர் இன்ன விதத்தில் தாக்குவார் என்பது முன்பே தெரியும், அவர் ஒத்துழைக்கிறார். உயெஷிபா போட்டிகளை விரும்பவில்லை. ஆகவே பெரும்பாலான ஐக்கிடோப் பள்ளிகளில் இன்றும் போட்டி கிடையாது. எதிர்க்கிற ஆளிடம் ஒரு பிடி எத்தனை முறை பலிக்கும் என்று சோதிக்க அங்கே வழியில்லை. இந்தக் குறையை உணர்ந்தவர் கானோ, உயெஷிபா இருவரிடமும் பயின்ற தோமிக்கி கெஞ்ஜி. தோக்கியோவின் வாசேதா பல்கலைக்கழகத்தில் கற்பித்த அவர், ஒருவர் மென்மையான போலிக் கத்தியோடு உண்மையாகவே தாக்க, மற்றவர் சமாளிக்கும் போட்டி முறையை வகுத்தார். அதைப் பார்த்தால் படத்தில் உள்ள அழகான எறிதல்கள் எவ்வளவு அரிதாகக் கைகூடுகின்றன என்பது விளங்கும்.

சாதாரண மாணவர் ஒருவருக்கு உதவக்கூடியது 'மா-ஐ' என்னும் இடைவெளிப் பாடம். கண்ட ஒன்றுக்குக் கை அசைய ஏறத்தாழ 0.2 நொடி ஆகிறது. எதிரி கைநீட்டித் தொடும் தூரத்துக்குள் நிற்பவருக்கு அந்த 0.2 நொடிகூட மிஞ்சாது. ஓர் அடி எடுத்து வைத்தால்தான் தொட முடியும் என்ற தூரத்தில் நிற்பவருக்கு அந்த அடி ஒரு முன்னறிவிப்பு. அந்த முன்னறிவிப்பைக் கொண்டு செய்யத்தக்க முதல் வேலை, திரும்பி ஓடுவது.

எல்லாரும் சந்திக்கும் எதிரி

வாழ்நாளில் கத்திக்காரனைச் சந்திக்காமலே பலர் போய்விடலாம். தரையைச் சந்திக்காதவர் இல்லை. ஈரமான குளியலறை, சைக்கிள் சறுக்கல், மாடிப்படி. கீழே விழுவதால் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் உலகெங்கும் இறக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் கணக்கிட்டது. விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ஐக்கிடோ மாணவர் முதல் நாளில் கற்பது எறிவதை அன்று; 'உக்கேமி' என்னும் விழும் முறையை.

விறைப்பாக நிற்கும் ஒருவர் வெட்டிய மரம்போல் அப்படியே பின்னால் சாய்ந்தால் என்ன ஆகும்? கம்பத்தின் நுனி தரையைத் தொடும் வேகம், அதே உயரத்திலிருந்து தானாக விழும் கல்லின் வேகத்தைவிட அதிகம்! 1.6 மீட்டர் உயரத்துக்குக் கல்லின் வேகம் நொடிக்கு 5.6 மீட்டர், கம்ப நுனியின் வேகம் 6.9 மீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டர் என்று சொன்னால் எளிதில் விளங்கும். அந்த நுனியில் இருப்பது தலை. சிமெண்டுத் தரையில் அது அரை சென்டிமீட்டருக்குள் நின்றுவிடுகிறது என்று கொண்டால், எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறத்தாழ 480 மடங்கு. ஐந்து சென்டிமீட்டர் அழுந்தும் மெத்தையில் அது 48 மடங்காகக் குறைகிறது. நிற்கும் தூரம் கூடக் கூட விசை குறைகிறது என்பதே விழும் கலையின் ஒரே சூத்திரம்.

பின்னால் விழும்போது முதலில் ஒரு காலை மடக்கிக் குதிகாலின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். உயரம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. முதுகை வில்லாக வளைத்து, முகவாயை மார்போடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இடைக்கச்சையின் முடிச்சைப் பார் என்பார்கள் ஆசான்கள். முடிச்சைப் பார்க்கும் தலை தரையில் மோதாது. முன்னால் விழும்போது சுண்டுவிரல் ஓரம், முன்கை, தோள், முதுகின் குறுக்கே சாய்வாக, எதிர்ப்பக்க இடுப்பு என்று உடல் சக்கரத்தின் விளிம்புபோல் தரையில் புரள வேண்டும். ஒரே இடத்தில் ஒரே கணத்தில் விழ வேண்டிய தாக்குதல் நீண்ட பரப்பிலும் நேரத்திலும் பரவுகிறது. கையை விறைப்பாக நீட்டி ஊன்றுவதுதான் நம் இயல்பு. மணிக்கட்டு எலும்பு முறிவுகளுக்குப் பெரிய காரணம் அதுவே.

இம்முறை உண்மையில் பயன் தருகிறதா என்று நெதர்லாந்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஜூடோவில் தேர்ந்தவர்களை முழங்காலிட்ட நிலையிலிருந்து விசைமானித் தட்டின்மீது பக்கவாட்டில் விழச் செய்தனர். 2007-இல் வெளியான முடிவின்படி, புரண்டு விழும் முறையில் இடுப்பில் தாக்கும் விசை கால் பங்குக்கு மேல் குறைந்தது. ஐக்கிடோவின் உக்கேமியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

இதை வீட்டில் தனியாகப் பயில வேண்டாம். கூடத்தில் மெத்தைப் பாய்கள் உண்டு, வரிசைமுறையும் உண்டு. முதலில் உட்கார்ந்த நிலையிலிருந்து உருளுதல், பிறகு முழங்காலிட்டு, பிறகு குந்தி, கடைசியில் நின்றபடி. அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானிலேயே சான்று இருக்கிறது. 'ஷிஹோ-நாகே' என்ற எறிதலில் விழுபவரின் கை அவர் தோளுக்குப் பின்னால் மடக்கப்படுவதால், பின்மண்டை நேராகத் தரையை நோக்கிப் போகும். பல்கலைக்கழக மன்றங்களில் புதிய மாணவர்கள் இவ்விதம் தலையில் அடிபட்டு இறந்த நிகழ்ச்சிகள் பதிவாகியுள்ளன. நல்ல கூடங்களில் எறியும் வேகத்தை முடிவு செய்வது எறிபவரின் திறமை அன்று. விழுகிறவருக்கு எவ்வளவு விழத் தெரியும் என்பதே. புதியவர் மாட்டினால், இருபது ஆண்டு பயின்றவரும் அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கீழே இறக்கி வைக்கிறார்.